குரோன்ஸ் நோய்: எஃப்.பி.சி. ரிப்போர்ட் சத்திரசிகிச்சை ஆபத்தைக் காட்டுமா?

நுவரெலியாவில் இருக்கும் தம்பிக்கு குரோன்ஸ் (குடலில் நீடிக்கும் அழற்சி நோய்), குடலில் ஒரு பகுதியை வெட்ட வேண்டுமாம். எஃப்.பி.சி. (முழு இரத்த அணு எண்ணிக்கை) ரிப்போர்ட்டில் வெள்ளை அணு வகைகளான நியூட்ரோஃபில் 78 சதவீதம், லிம்போசைட் 13 சதவீதம், பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

78ஐ 13ஆல் வகுத்தால் 6. சுகதேகிகளுக்கு இது பெரும்பாலும் 1 முதல் 3 வரைதான். கூடினால் அழற்சியோ கிருமித்தொற்றோ இருக்கலாம். ஆனால் தம்பி பிரெட்னிசொலோன் (அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொய்ட்) குடிக்கிறாரா? அந்தக் குளிசையே நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கிவிடும். மருந்து தெரியாமல் இந்தக் கணக்கைப் போடுவதில் பிரயோசனமில்லை. அசாதியோபிரின் (நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து) எம்.சி.வி.யை, அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் கூட்டி, இரும்புக் குறைபாட்டை மறைத்துவிடும்.

பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணு) 450,000ஐத் தாண்டினாலும் அழற்சி அல்லது இரும்புக் குறைவுதான் வழக்கமான காரணம்.

ஹீமோகுளோபினைக் கவனமாகப் பாருங்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே. அந்த உயரத்தில் அது இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆகவே டெசிலீற்றருக்கு 13 கிராம் என்பதும் அங்கே குறைவாக இருக்கலாம். அழற்சி உள்ளபோது ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) 100க்குக் கீழே என்றாலே இரும்புக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. (தோட்டத்தில் இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்!)

குடலை வெட்டி இணைத்த இடத்தில் தையல் விட்டுக் கசியும் ஆபத்தை அறிய எஃப்.பி.சி. மட்டும் போதாது. அல்புமின் (இரத்தத்தில் உள்ள புரதம்) லீற்றருக்கு 30 கிராமுக்குக் கீழே, வேகமான எடை இழப்பு, வயிற்றுக்குள் சீழ்க்கட்டி, நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசொலோன் வாரக்கணக்கில்: சர்ஜன் இவற்றைத்தான் முதலில் பார்ப்பார். அதற்காகக் குளிசையைத் தானாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம், சர்ஜனே படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்.