யானை இருக்கிறது, பாட்டு எங்கே?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பாரதியாரின் வாழ்க்கையைச் சொல்லும் படப்புத்தகங்கள் மூன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்றிலும் ஒரே கதைதான்: எட்டயபுரம் அரண்மனை, குருவிக்கு அரிசி, கடைசியில் கோயில் யானை. யானைப் படத்தைப் பார்த்துப் பயந்துபோய் அந்தப் பக்கத்தைத் திருப்பவே மாட்டேன் என்கிறாள். இந்த வயதில் ஒரு கவிஞரின் வறுமையையும் சாவையும் சொல்லத்தான் வேண்டுமா? ஆங்கிலத்தில் கவிஞர்களைப் பற்றி வரும் படப்புத்தகங்கள் நன்றாக இருப்பதாகத் தோழி சொல்கிறாள். அவற்றை வாங்கலாமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள அம்மா,

சாவைச் சொல்லலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு மனிதர்கள் இறந்துபோவார்கள் என்று தெரியும். ஆனால் நடந்ததைச் சொல்லுங்கள். பாரதியை யானை கொல்லவில்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது, அவருடைய அன்பர் குவளைக் கண்ணன் பாய்ந்து போய்த் தூக்கிவந்தார், காயம் ஆறியது. பாரதி மறுபடியும் சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குப் போனார். 1921இல் ஈரோட்டுக்குப் போய், கருங்கல்பாளையம் வாசகசாலையில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்று பேசினார். அந்த வருடம் செப்டம்பரில் அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. வயது முப்பத்தெட்டு. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், யானைப் பயம் போய்விடும்.

பிறகு ஏன் எல்லாப் புத்தகமும் யானையோடு முடிகிறது? யானையை வரையலாம், வயிற்றுக்கடுப்பை வரைய முடியாது. அவ்வளவுதான் காரணம். படத்துக்கு வாகான சம்பவங்களைப் பொறுக்கி அடுக்கிவிட்டு அதை வாழ்க்கை என்கிறார்கள். குருவிக்கு அரிசி போடும் பக்கத்தில் மனைவி செல்லம்மாவை ஓர் ஓரத்தில் முகம் சுளித்தபடி நிறுத்திவிடுகிறார்கள். அந்த அரிசியைக் கடன் வாங்கி வந்தது யார்? 1951இல் திருச்சி வானொலியில் அந்த அம்மாள் பேசினார். யாருக்கும் மனைவியாக வாய்த்துவிடலாம், கவிஞனுக்கு மனைவியாக இருப்பது கஷ்டம் என்றார். அதைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தை வரைய வேண்டும். போகட்டும், என் கோபம் அதுவல்ல.

கவிஞர் என்றால் யார்? கவிதை எழுதியவர். அந்தக் கவிதை எங்கே? கோட்டும் தலைப்பாகையும் மீசையும் இருக்கின்றன, தேசபக்தி இருக்கிறது, பாட்டைத் தேடினால் அட்டையில் ஒரு வரி கிடைக்கிறது. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் கண்மையால் மீசை வரைந்து மேடையேற்றுகிறோமே, அந்தப் பாரதிதான் புத்தகத்திலும் வருகிறார். ஒரு சச்சின் புத்தகத்தில் மட்டையே இல்லாமல் இருந்தால் பிள்ளைகள் விடுவார்களா?

எனக்குப் பாரதி வந்தது வேறு வழியில். ஓட்டுக் கூரை போட்ட ஊராட்சிப் பள்ளியில் படித்தேன். மழை வலுத்தால் ஓட்டின்மேல் விழும் சத்தத்தில் பாடம் கேட்காது. எங்கள் டீச்சர் அப்படி ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ‘திக்குக்கள் எட்டும் சிதறி, தக்கத் தீம்தரிகிட தீம்தரிகிட’ என்று மேசையைத் தட்டிக்கொண்டு ஆரம்பித்தார். நாங்களும் தட்டினோம். ‘பக்க மலைகள் உடைந்து, வெள்ளம் பாயுது பாயுது பாயுது’ என்று வந்தபோது என் பக்கத்திலிருந்தவன் எழுந்து குதித்தான். எழுதியவர் யார் என்று டீச்சர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, அந்தப் பாட்டு இவருடையது என்று யாரோ சொன்னபோது எனக்குச் சட்டென்று அவர் வேண்டியவராகிவிட்டார். அதற்கப்புறம்தான் அவர் எந்த ஊர், என்ன கஷ்டப்பட்டார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. பாட்டு முதலில் வரவேண்டும். பாட்டே தெரியாத பிள்ளையிடம் ஒருவர் பசியோடு இருந்தார் என்று சொன்னால் அது அவரைப் பார்த்துப் பரிதாபப்படும். வேறென்ன செய்யும்?

சில வருடங்களுக்கு முன் ஒரு பதிப்பகம் கேட்டதால் பாரதி படப்புத்தகம் ஒன்றுக்கு உரை எழுதிக் கொடுத்தேன். பாதிப் பக்கங்களில் அவருடைய பாட்டையே வைத்திருந்தேன். பாட்டையெல்லாம் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். “பிள்ளைகளுக்குப் புரியாது சார், கதை போதும்” என்றார்கள். நான் உரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

புரியாதாம்! 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை அச்சிட்டபோது பாரதி முகவுரையில் என்ன எழுதினார்? எளிய பதங்கள், எளிய நடை, பொது ஜனங்கள் விரும்பும் மெட்டு. ‘ஓரிரண்டு வருஷத்து நூற்பழக்கமுள்ள’ தமிழ் மக்களுக்கெல்லாம் பொருள் விளங்க வேண்டும் என்கிறார். ஓரிரண்டு வருடம் என்றால் இரண்டாம் வகுப்பு, அம்மா. உங்கள் மகளின் வகுப்பு. எழுதியவரே திறந்து வைத்த கதவை நாம் ஏன் சாத்துகிறோம்? செலவு என்றும் சாக்குச் சொல்ல முடியாது. 1949இல் அரசு அவருடைய பதிப்புரிமையை வாங்கி, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஒரு பைசா கொடுக்க வேண்டாம். அப்படியிருந்தும் அவர் வரிகளை எடுத்துவிட்டு, யாரோ எழுதிய தட்டையான உரைநடையை அந்த இடத்தில் போடுகிறார்கள்.

கவிதையைப் படமாக்க முடியாது என்பார்கள். வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞர் பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்த மருத்துவர். அவரைப் பற்றி 2008இல் வந்த படப்புத்தகத்தில் ஓவியர் பழைய காகிதங்களை வெட்டி ஒட்டிப் படம் செய்திருக்கிறார், அட்டையின் உட்பக்கங்களில் கவிதைகளையே அச்சிட்டிருக்கிறார்கள். பாரதிக்கு இதைவிட நன்றாகச் செய்யலாம். ‘தீம்தரிகிட’ என்ற எழுத்துகளைப் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். அவர் ‘இந்தியா’ பத்திரிகையில் கருத்துப்படம் போட்டுத் தமிழில் கார்ட்டூனுக்கு வழி திறந்தவர். கார்ட்டூனுக்கென்றே ‘சித்ராவளி’ என்று ஓர் இதழ் நடத்தவும் திட்டமிட்டார், நடக்கவில்லை. படத்தின் பலம் தெரிந்த மனிதர் அவர். புதுச்சேரி மாந்தோப்பில் உட்கார்ந்து எழுதுவதை வரையுங்கள், அடித்துத் திருத்துவதை வரையுங்கள். சுதேசமித்திரன் மேசையில் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கிச் சம்பாதித்ததை வரையுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். மூன்று புத்தகம் வாங்கியிருக்கிறீர்கள், இவ்வளவு அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். மகளுக்குப் பிடித்த பாரதி பாட்டு எது என்று ஒரு வரிகூட இல்லையே? இது உங்கள் தப்பு மட்டுமல்ல, நம் வீடுகள் எல்லாம் அப்படித்தான் ஆகிவிட்டன. ஆனாலும் நீங்கள் அவளுடைய அம்மா.

நாலாவது புத்தகம் இப்போது வேண்டாம். ஆங்கிலப் புத்தகங்களும் பிறகு வரட்டும். பாரதியார் கவிதைகள் மலிவுப் பதிப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். அதில் அந்தத் ‘தீம்தரிகிட’ பாட்டை, ‘மழை’யை எடுத்து அவளோடு சத்தமாகப் படியுங்கள். அடுத்து ‘காக்கைச் சிறகினிலே’. அவள் கேட்டால் அர்த்தம் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். யார் எழுதியது என்று அவளாகக் கேட்கிற அன்று, நீங்கள் வாங்கி வைத்த மூன்று புத்தகத்தையும் எடுத்துக் கொடுங்கள்.