‘இந்த வாரமே வாங்கினால் தள்ளுபடி’ என்கிறார்கள். மகளுக்குக் காது மெஷின் வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எதிர்வினை காட்டுகின்றனவா என்று பார்க்கும் பெரா பரிசோதனை எடுத்தோம். இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கடையில் இரண்டு காதுக்கும் சேர்த்து 1,60,000 ரூபாய் கேட்கிறார்கள். இந்த வாரம் முன்பணம் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடியாம். காதுக்குள் மறைந்துவிடும் சிறிய மாடலையே வாங்கச் சொல்கிறார் என் மாமியார். நகையை அடகு வைத்து வாங்கிவிடலாமா?
— ஒரு தாய், பெரம்பூர்

பதில்: முன்பணம் கட்டாதீர்கள், அம்மா. ஆனால் கருவிக்கான வேலையை நாளைக்கே தொடங்குங்கள். இரண்டும் வேறு வேறு அவசரம். மொழி மூளையில் வேரூன்றுவது முதல் மூன்று ஆண்டுகளில்தான். உங்கள் மகளுக்கு அதில் இரண்டு ஆண்டு போய்விட்டது. கடைக்காரர் பிடித்து இழுப்பது உங்களுடைய அந்தப் பயத்தைத்தான். ஒரு வாரக் கெடு அவருடைய விற்பனைக் கணக்கு; அதற்கும் குழந்தைக்கும் தொடர்பில்லை.

முதலில் கையில் இருக்கும் பரிசோதனை அறிக்கையைப் பாருங்கள். ‘கிளிக்’ ஒலியை வைத்து மட்டும் பெரா எடுத்திருந்தால், கருவியைச் சரியாக அமைக்க அது போதாது. தாழ்ந்த சுருதியில் எவ்வளவு கேட்கிறது, உயர்ந்த சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அதற்கு டோன் பர்ஸ்ட் பெரா அல்லது ஏ.எஸ்.எஸ்.ஆர். பரிசோதனை இருக்கிறது. கருவியை அமைப்பவர் செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்தானா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

மறைந்துவிடும் மாடல் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். காதுத் துளை வளர்ந்துகொண்டே இருக்கும். கருவியின் கூடு வளராது. சில மாதங்களில் தளர்ந்து விழும். கடுமையான குறைபாட்டுக்குத் தேவையான சக்தியும் அவ்வளவு சிறிய கூட்டுக்குள் அடங்காது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியும், காதின் அச்செடுத்து வார்த்த மென்மையான மோல்டும்தான் இந்த வயதுக்குப் பொருத்தம். காது வளர வளர மோல்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ‘பெண் குழந்தை ஆயிற்றே, நாலு பேர் கண்ணில் படுமே’ என்று உங்கள் மாமியார் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. கருவி தெரியாமல் இருந்து பேச்சு வராமல் போனால் அது வாழ்நாள் முழுவதும் தெரியும் என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பேத்திக்கு நல்ல பளிச்சென்ற நிறத்தில் ஒன்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்துக் கையாளும் பகுதிகளுக்குச் சேனல் என்று பெயர்; அந்த எண்ணிக்கையைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். சேனல் அதிகமானால் அதிகமாகக் கேட்கும் என்று பொருளில்லை. உங்கள் மகளின் குறைபாட்டுக்குச் சக்தி போதுமா, திடீர்ச் சத்தம் காதைத் தாக்காதபடி உச்ச அளவு கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறதா, பேட்டரிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா, நாளை வகுப்பறையில் ஆசிரியரின் மைக்கோடு இணைக்க முடியுமா — இவைதான் கேள்விகள். அந்தப் பேட்டரிப் பூட்டை அலட்சியம் செய்யாதீர்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வாங்குவதற்கு முன் சில நாள் மாட்டிப் பார்க்கக் கொடுக்கச் சொல்லுங்கள். மறுக்கும் கடையை விட்டு வந்துவிடுங்கள். வீட்டில் பேன், டிவி எல்லாம் நிறுத்திவிட்டு, குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பேச்சில் வரும் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். சத்தம் கேட்டதும் ஒரு மரக்கட்டையை டப்பாவில் போடப் பழக்கினால் அவளுக்கு அது விளையாட்டு. ‘ஸ்’ மட்டும் கேட்கவில்லை என்றால்கூட ஆடியாலஜிஸ்ட்டிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் கணினியில் இணைத்துத் திருத்த வேண்டும். குழந்தை என்றால் பல முறை திருத்த வேண்டியிருக்கும். எத்தனை முறை இலவசம், மோல்டுக்குத் தனியாக எவ்வளவு, பழுதானால் மாற்றுக் கருவி தருவார்களா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு கருவியின் வரிசை எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். காது கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அந்தப் பெயரில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நகையை இப்போதைக்குத் தொடாதீர்கள். வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டத்தில் கருவி கிடைக்கும். முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் விசாரியுங்கள். சென்ட்ரல் எதிரில் உள்ள அரசு பொது மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். கருவி போட்டும் போதுமான பலன் இல்லை என்றால் அடுத்தது காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவைச் சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவைச் சிகிச்சை உண்டு. கருவிக்குக் கையிருப்பை எல்லாம் கொட்டிவிட்டு அந்த நாளில் தவிக்கக் கூடாது.

கேள்வி: ‘ஆறு மாதத்தில் பேச வைக்கிறோம், 60,000 ரூபாயை மொத்தமாகக் கட்டுங்கள், வீட்டில் யாரும் சைகை செய்யக் கூடாது’ என்கிறது ஒரு பயிற்சி மையம். காது கேளாத என் மகனுக்கு நான்கு வயது. சேர்க்கலாமா?
— ஒரு தந்தை, தாம்பரம்

பதில்: சேர்க்காதீர்கள். எந்தக் குழந்தை எப்போது பேசும் என்று நேர்மையான பயிற்சியாளர் யாரும் தேதி குறித்துக் கொடுக்க மாட்டார். மாதாமாதம் கட்டணம் வாங்கும் இடமாகப் பாருங்கள். அம்மா அல்லது அப்பாவை உடன் உட்கார வைத்துச் சொல்லித்தருகிறார்களா என்பதே என் முதல் அளவுகோல். அடையாற்றில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா பெற்றோரையும் சேர்த்தே பழக்குகிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம் மையத்தில்; மிச்ச நேரம் முழுவதும் உங்கள் வீட்டில்தானே?

சைகைக்குத் தடை போடுவதுதான் என்னை உலுக்குகிறது. சைகை மொழி பேச்சைக் கெடுக்காது. பேச்சு இன்னும் வராத நான்கு வயதுக் குழந்தையிடம் சைகையையும் பிடுங்கிவிட்டால், பசிக்கிறது, வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு என்ன மிஞ்சும்? இந்திய சைகை மொழிக்கு இலக்கணம் உண்டு, அகராதி உண்டு. சாந்தோம் சி.எஸ்.ஐ. காது கேளாதோர் பள்ளிக்கு ஒரு நாள் போய், மாணவர்கள் தங்களுக்குள் கைகளால் எவ்வளவு வேகமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஐந்து மாதத்துக்கு முன் மகனுக்கு வாங்கிய கருவி ஓயாமல் விசில் அடிக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.
— ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: பெரும்பாலும் மோல்டு தளர்ந்திருக்கும். வளரும் காதில் ஐந்து மாதம் நீண்ட காலம். புதிய மோல்டு எடுத்துப் பாருங்கள். காதில் குறும்பி சேர்ந்திருந்தாலும் விசில் வரும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் கருவியில் குறை. உத்தரவாதக் காலத்தில் பழுது நீக்கித் தருவது அவர்கள் கடமை. பில்லில் உள்ள அந்த வரிக்கு மதிப்பில்லை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அந்த 30 நாள் கடந்துவிட்டது, உத்தரவாதம் கடக்கவில்லை. கடைக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

கருவியைத் தினமும் இரவில் பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். ராயபுரத்துக் கடல்காற்றின் ஈரம் அதற்கு ஆகாது.