மூளை முடக்குவாதம்: "நான் செய்த தவறா, டாக்டர்?"

பிறந்ததும் குழந்தை அழவில்லை. சிசேரியனுக்கு முன்பே ஒத்துக்கொண்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதோ?

இந்தக் கேள்வியைத்தான் தாய்மார்கள் அதிகம் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்தி, கணவர் அறைக்கு வெளியே போன பிறகு. உங்கள் தவறு இல்லை அம்மா. 1861-ல் வில்லியம் லிட்டில் என்ற மருத்துவர் கடினமான பிரசவமே மூளை முடக்குவாதத்துக்குக் காரணம் என்றார். 1897-ல் நரம்பியல் மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட் அதை மறுத்தார்: கருவிலேயே ஏதோ கோளாறு இருந்ததால்தான் பிரசவம் கடினமாகியிருக்கலாம் என்றார். பல குழந்தைகள் விஷயத்தில் அவர் சொன்னதே சரி. வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பால் உடல் அசைவும் தசைகளின் இயக்கமும் கோளாறாவதுதான் மூளை முடக்குவாதம். பெரும்பாலும் அந்தப் பாதிப்பு பிரசவ வலி தொடங்கும் முன்பே நேர்ந்துவிடுகிறது. கருவில் மூளை சரியாக உருவாகாமல் போகலாம், அதன் ரத்தக்குழாய் அடைபடலாம், ருபெல்லா, சைட்டோமெகாலோ போன்ற வைரஸ்கள் தாக்கலாம், நஞ்சுக்கொடியில் கோளாறு வரலாம். பிரசவத்தின்போது ஆக்சிஜன் குறைந்து பாதிப்பு வருவதும் உண்டு, ஆனால் அது சிறு பங்குதான். அப்படி நேர்ந்தால், பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை பல நிறைமாதக் குழந்தைகளுக்குக் கைகொடுக்கிறது.

இரட்டையர், 29 வாரத்திலேயே பிறந்தார்கள். ஒருவனுக்கு மட்டும் கால் விறைப்பு. ஏன்?

குறைமாதக் குழந்தையின் மூளையில் உள்ளறைகளை ஒட்டிய வெண்பகுதி மிக மென்மையானது. ரத்த ஓட்டம் சற்றுக் குறைந்தாலும் பாதிக்கப்படும். காலுக்குப் போகும் நரம்பிழைகள் அதன் வழியாகத்தான் இறங்குகின்றன. அதனால்தான் கையைவிடக் கால் அதிகம் விறைக்கிறது. இரட்டையர் என்றாலும் இருவரின் ரத்த ஓட்டமும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

மஞ்சள் காமாலையால் வருமா?

சாதாரண மஞ்சளால் வராது. ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி மிக அதிகமாகி மூளைக்குள் படிந்தால் வரும். நீல ஒளி சிகிச்சை சரியான நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். உடம்பெல்லாம் மஞ்சளாகி, பால் குடிக்காமல் துவண்டு தூங்கும் குழந்தையை வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

பெரும்பாலும் வராது. ஆனால் எம்.ஆர்.ஐ.யிலும் பிரசவக் குறிப்பிலும் காரணம் தெரியவில்லை என்றால், மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

7 மாதக் குழந்தை எதையும் வலக் கையால்தான் எடுக்கிறாள். வலக்கைப் பழக்கம்தானே?

இந்த வயதில் கைப்பழக்கம் வராது. இடக் கையைப் பாருங்கள்: கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, முஷ்டி இறுகியே இருக்கிறதா? அந்தப் பக்கம் கிலுகிலுப்பையை நீட்டினாலும் வலக் கைதான் குறுக்கே வருகிறதா? அப்படியானால் இது மூளை முடக்குவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த வாரமே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் பிறகு தெரியட்டும், இடக் கைக்கான பயிற்சியை முதலில் தொடங்கிவிடலாம்.