ஆர்பிட்ரேஷனில் தோற்றால் கோர்ட்டில் என்ன கேட்கலாம்?

கோவையிலிருந்து ஒரு ஒப்பந்ததாரர் எழுதியிருக்கிறார். ஒரு நிறுவனத்துக்குக் குடோன் கட்டிக் கொடுத்தார், கடைசி பில் வரவில்லை, தகராறு ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது கோர்ட்டுக்குப் பதிலாக ஒரு நடுவர் விசாரித்து முடிவு சொல்லும் முறைக்குப் போனது. நடுவரை அந்த நிறுவனமே நியமித்தது. ஜனவரி 27-ல் கைக்கு வந்த அவார்டில் (நடுவரின் தீர்ப்பில்) இவருடைய கோரிக்கை தள்ளுபடி. தாமதத்துக்காக இவர்தான் 42 லட்சம் கட்ட வேண்டுமாம். 'அப்பீலில் எல்லா ஆதாரத்தையும் திரும்பக் காட்டலாம், மே கடைசி வரை நேரம் இருக்கிறது என்கிறார்கள், சரியா?' என்று கேட்கிறார்.

ஐயா, இரண்டையும் நம்பாதீர்கள். முதலில் தேதி. 1996-ம் வருட ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-வது பிரிவில் அவார்டை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட, கையெழுத்திட்ட அவார்டு பிரதி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான், அதாவது ஏப்ரல் 27. தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 30 நாள் கோர்ட் தரலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர அதற்கே அதிகாரம் கிடையாது. அந்த 30 நாள் உங்களுக்குக் கோடை விடுமுறையில் முடிகிறது; கோர்ட் திறந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், அப்படி இருந்தவர்களின் மனு காலம் கடந்தது என்று 2025-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அடுத்து, இது அப்பீலே இல்லை. நடுவர் சாட்சியத்தை எடைபோட்டது தவறு, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் நீதிபதி இரண்டாவது பக்கத்தைக்கூடப் புரட்ட மாட்டார். ஆனால் முக்கியமான ஆதாரத்தைக் கண்டுகொள்ளாமலே முடிவெடுத்திருந்தால் அது வேறு விஷயம். அவர்கள் இன்ஜினியரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட எம்-புக் (செய்த வேலையின் அளவைக் குறிக்கும் புத்தகம்) இருக்கிறது, அதைப் பற்றி அவார்டில் ஒரு வரிகூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் பிடிக்க வேண்டும். உள்நாட்டு அவார்டுகளில் இது வெளிப்படையான சட்டப் பிழை என்ற ரத்துக் காரணத்துக்குள் வரும். உச்ச நீதிமன்றத்தின் சாங்யாங் வழக்குத் தீர்ப்பில் (2019) இதற்கு இடம் இருக்கிறது.

என் கணக்கில் இதைவிட வலுவானது நடுவர் நியமனம். தகராறில் லாபநஷ்டம் உள்ள ஒரு தரப்பு தானாகவே ஒற்றை நடுவரை நியமிப்பது செல்லாது என்பது பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கிலிருந்தே (2019) நிலைத்த சட்டம். விசாரணைக்குப் போய் உட்கார்ந்தீர்கள் என்பதாலேயே உரிமை போய்விடாது. தகராறு எழுந்த பிறகு 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படி ஏதாவது மெயில் அனுப்பினீர்களா என்று தேடிப் பாருங்கள், இருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

சரி, மனு போட்டுவிட்டால் 42 லட்சம் நின்றுவிடுமா? நிற்காது. 2015 திருத்தத்துக்கு அப்புறம் தடை கேட்டுத் தனி மனு போட வேண்டும், பணம் சம்பந்தப்பட்ட அவார்டு என்பதால் தொகையையோ அதில் ஒரு பகுதியையோ டெபாசிட் செய்யச் சொல்லலாம், வங்கி உத்தரவாதமும் கேட்கலாம். தடை வாங்காவிட்டால் எதிர்த்தரப்பு நிறைவேற்று மனு போட்டு உங்கள் வங்கிக் கணக்கை ஜப்தி செய்ய முடியும்.

ஜெயித்தாலும் கோர்ட் உங்கள் பில்லுக்கு உத்தரவு போடாது. காயத்ரி பாலசாமி வழக்கில் (2025) பிரிக்கக்கூடிய பகுதியை மட்டும் நீக்கும் அதிகாரம் உறுதியானது, அதனால் 42 லட்சத்தை நீக்கக் கேட்கலாம். உங்கள் பாக்கிக்குப் புதிதாக ஆர்பிட்ரேஷன் தொடங்க வேண்டும். இதுவரை போன காலத்தை 43-வது பிரிவு கழித்துவிடும், கவலை வேண்டாம். ஒப்பந்தத்தில் சீட் (ஆர்பிட்ரேஷனுக்குச் சட்டப்படியான இடம்) சென்னை என்று இருப்பதால் மனுவும் அங்கேதான். எம்-புக், நியமனக் கடிதம், அவார்டு வந்த தபால் உறை மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள்.