காலை நித்திரையில் அமுக்கும் கனவு: நிலாவெளித் தம்பிக்கு

இரவு கடலில் நின்று விடிய 7 மணிக்குப் படுத்தால் உடனே பயங்கரக் கனவு, முழிப்பு வந்தும் கைகால் அசையுதில்லை, நெஞ்சில ஆரோ குந்தியிருக்கிற மாதிரி என்று எழுதியிருக்கிறீங்கள். பேய் இல்லை தம்பி, படுக்கிற நேரம்தான் பிழை.

நித்திரை ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றாக ஓடும். சுற்றின் கடைசியில் மூடிய இமைக்குள்ளே கண் அங்குமிங்கும் ஓடும். தெளிவான கனவு பெரும்பாலும் அப்போதுதான். மூளையின் உணர்ச்சிப் பகுதி மும்முரமாயிருக்கும், நிதானம் பார்க்கும் முன்பகுதி அடங்கிக் கிடக்கும். வள்ளம் றோட்டில் ஓடினாலும் கனவில் சந்தேகம் வராதது அதனால்தான். கனவுக்கேற்றபடி உதறாமலிருக்க மூளைத்தண்டு தசைகளைப் பூட்டிவைக்கும். பூட்டுத் திறக்கமுதல் முழித்தால் அமுக்கம். மூச்சு நிற்காது, மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசை வேலை செய்துகொண்டே இருக்கும்.

உடல் மணிக்கூட்டின்படி இந்தக் கனவுக் கட்டம் விடியற்காலையை ஒட்டித்தான் கூட வரும். களைத்துப்போய் அந்த நேரம் பார்த்துச் சரிந்தால் மூளை நேரே அதுக்குள் இறங்கிவிடும். கச்சான் காற்றின் வெக்கையும் அடிக்கடி எழுப்பும். இடையில் எழும்பினால்தான் கனவு ஞாபகத்தில் நிற்கும்.

மல்லாக்கப் படுக்காதீங்கள், சரிந்து படுங்கள். யன்னலுக்குக் கறுப்புத் துணி, ஃபான். கடைசித் தேத்தண்ணி படுக்க 6 மணித்தியாலத்துக்கு முன்னம். சாராயம் முதலில் கனவை அடக்கும், பிறகு கூடத் தரும். அமுக்கினால் திமிறவேண்டாம், கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள்.

பிரஷர் குளிசை புறொப்பிரனோலோல் என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் கெட்ட கனவு தரும், நீங்களாக நிற்பாட்டவேண்டாம்.