இ.ஏ கோர்ஸுக்கு அம்மா வளையல அடகு வெக்கலாமா?

கேள்வி: அக்கா, நான் தண்டையார்பேட்டை, பி.காம் முடிச்சிருக்கேன், வயசு 26. மண்ணடில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 4 வருஷமா டேலி என்ட்ரி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை, சம்பளம் 17,000. இ.ஏ (என்ரோல்ட் ஏஜென்ட்) படிச்சா அமெரிக்க டாக்ஸ் வேலை கேரண்டின்னு ஒரு இன்ஸ்டிடியூட்ல 1,20,000 கேக்கறாங்க. அம்மா வளையல வெச்சு கட்டிடலாமா?

பதில்: வேணாம்மா, இப்போதைக்கு வளையல் வீட்டுலயே இருக்கட்டும். கணக்க பாருங்க, ஒரு வருஷத்துல மீட்கணும்னா அசல் மட்டுமே மாசம் 10,000, வட்டி தனி, உங்க கைல 7,000 கூட நிக்காது, அதுல பஸ்ஸு சாப்பாடு வீட்டுச் செலவு எல்லாம் எப்படி ஓட்டுவீங்க? அதோட இ.ஏ பரிட்சை மூணு பேப்பர், மூணுக்கும் சேர்த்து பரிட்சை ஃபீஸே 800 டாலர் பக்கம் வரும், அது அந்த 1,20,000ல சேர்ந்திருக்கான்னு கேட்டீங்களா? பல இடத்துல சேராது.

இ.ஏ மட்டமான படிப்புன்னு நான் சொல்லல. அமெரிக்க வருமான வரித்துறை ஐ.ஆர்.எஸ் குடுக்கற தகுதி அது, எழுத டிகிரி கூட கட்டாயம் இல்ல, நல்ல மதிப்பு இருக்கு. ஆனா அத வெச்சு இங்க ஒரு கடைக்காரரோட ரிட்டர்ன்ல உங்களுக்கு எந்த அதிகாரமும் வராது, அமெரிக்க வேலை செய்யற கம்பெனி கிடைச்சாதான் அதுக்கு விலை. அந்த கம்பெனிங்க நிறைய ஓ.எம்.ஆர் பக்கம், ஜனவரில இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் சீசன், ராத்திரி லேட் ஆகும், தண்டையார்பேட்டைக்கு எப்படி திரும்புவீங்கன்னு இப்பவே யோசிங்க. பி.காம் ஃப்ரெஷர எடுத்து டிரெயினிங் குடுத்து, அப்புறம் இ.ஏ ஃபீஸையும் தானே கட்டற கம்பெனிங்க இருக்கு, மொதல்ல அங்க அப்ளை பண்ணுங்க. உங்க காசு போகாம அதே சர்டிஃபிகேட் வந்தா நல்லதுதானே.

எந்த கோர்ஸா இருந்தாலும் நான் கேக்கறது ஒண்ணுதான், இது முடிச்சா எந்த பேப்பர்ல என் கையெழுத்து செல்லும்? டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுன்னா சி.ஏ மட்டும்தான். பி.காம்ல 55 சதவீதம் இருந்தா சி.ஏவோட மொத கட்டம் ஃபவுண்டேஷன எழுதாம நேரா ரெண்டாவது கட்டம் இன்டர் போகலாம், ஆனா ஆர்டிகிள்ஷிப், அதாவது சி.ஏகிட்ட பயிற்சி, 2 வருஷம், நீங்க ஸ்டாஃபா பார்த்த 4 வருஷம் அதுல சேராது, ஸ்டைபெண்ட் 17,000 வராது, வீட்டுல வேற சம்பளம் இருந்தா மட்டும் இறங்குங்க. துறைமுகம் பக்கத்துலயே இருக்கறதால சரக்குக்கு சுங்க வேலை முடிச்சுக் குடுக்கற கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்ங்களும் உண்டு, அங்க சுங்கப் பேப்பர்ல கையெழுத்து போட விடற ஜி கார்டு பரிட்சை பாஸ் பண்ணவங்களுக்கு மதிப்பு வேற.

உங்களுக்கு உடனே கைக்கு எட்டறது ஜிஎஸ்டி பிராக்டிஷனர், அதாவது வியாபாரிங்களுக்காக ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட பதிவு பண்ணவங்க. பி.காம் போதும், ஜிஎஸ்டி போர்ட்டல்ல என்ரோல் பண்ண ஃபீஸ் கிடையாது, அவங்களுக்கு நாசின்ங்கற அரசு பயிற்சி நிறுவனம் வெக்கற பரிட்சை அறிவிப்பு வந்தா அதையும் எழுதிடுங்க. கடைக்காரர் அவர் லாகின்ல உங்கள தேர்வு பண்ணா ஆர்1 (விற்பனை பில் விவரம்), 3பி (வரி கட்டற மாச ரிட்டர்ன்) எல்லாம் உங்க பேர்லயே செய்யலாம். எம்.சி. ரோடு துணிக்கடைங்கள பாருங்க, சப்ளையர் பில்ல ஆர்1ல ஏத்தாம விட்டுடுவான், 14ஆம் தேதி 2பி, அதாவது வாங்கின சரக்குக்கு கட்டின வரில கழிச்சுக்கக்கூடிய கிரெடிட் லிஸ்ட், வரும்போது அந்த கிரெடிட் இருக்காது, கடைக்காரர் 20ஆம் தேதி 3பி போடும்போது கைக்காசு கட்டுவாரு. பில்லையும் 2பியையும் ஒத்துப் பார்த்து, விட்டுப்போனத ஏத்தச் சொல்லி சப்ளையருக்கு போன் போட ஒரு ஆள் வேணும் அவருக்கு, நீங்க 4 வருஷமா செய்யற வேலையே அதான். 12 கடை, கடைக்கு 700ன்னு வெச்சா மாசம் 8,400. உங்க ஆடிட்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அவர் கிளையன்ட்ட தொடாதீங்க, அது தப்பு.

இன்னொண்ணு, 2026 ஏப்ரல் 1ல இருந்து 1961 சட்டம் போய் வருமான வரிச் சட்டம் 2025 வந்தாச்சு, செக்ஷன் நம்பரே மாறிடுச்சு, அதனால பழைய மெட்டீரியல வெச்சு நடத்தற எந்த இந்திய டாக்ஸ் கோர்ஸுக்கும் காசு கட்டாதீங்க. அந்த இன்ஸ்டிடியூட்காரங்க "இன்னிக்கே கட்டுனா ஆஃபர்"னு போன் பண்ணா, வேலை கேரண்டிய எழுத்துல, கிடைக்கலன்னா பணம் எத்தன நாள்ல திரும்பும்னு தேதியோட கேளுங்க. டிகிரி சர்டிஃபிகேட், பான், ஆதார் ஸ்கேன் எடுத்து வெச்சுக்கிட்டு இந்த ஞாயித்துக்கிழமையே என்ரோல்மென்ட் ஆரம்பிச்சிடுங்க, நடுவுல எங்கயாவது நின்னா எழுதுங்கம்மா.