அண்ணனின் தலைக்காயமும் தங்கையின் படிப்புத் தேர்வும்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு, ஒன்பது மாதங்களாகியும் பழையபடி ஆகாத மகனைப் பற்றியது ஒன்று. அவனை அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்கும் மகள், 'மூளைக் காயத்திலிருந்து மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்பதைத்தான் படிப்பேன்' என்று பிளஸ் டூ வகுப்பில் பிடிவாதமாக நிற்பது மற்றொன்று. முதல் கவலைக்கு மருத்துவர்தான் விடை சொல்ல வேண்டும். ஆனால் அதைத் தொடாமல் இரண்டாவதற்கு என்னால் பதில் எழுத முடியாது.

'நீட்டில் மதிப்பெண் குறைந்தால் அவள் கனவு அத்தோடு முடிந்ததா?' என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. அறுவை மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உயிரைக் காக்கிறார்கள். அதன் பின் எழுந்து உட்காருவது, உணவை விழுங்குவது, சொல்லைத் தேடிப் பிடிப்பது, கோபத்தை அடக்குவது, பேருந்தில் தனியாகப் போய்வருவது ஆகிய எல்லாமே வேறு பலருடைய கைகளில் இருக்கின்றன. மீட்சியைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பங்கு அந்தக் கைகளிலிருந்தே பிறக்கிறது. நம் மாநிலத்தில் அதற்கான தேவையை எண்களே சொல்கின்றன. 2022இல் நாடு முழுவதும் பதிவான 4,61,312 சாலை விபத்துகளில் 64,105 தமிழ்நாட்டில் நடந்தவை. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழி செய்தது. பிழைத்து வீடு திரும்பியபின் வரும் ஆண்டுகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை இப்போது உங்கள் குடும்பம் சுமந்துகொண்டிருக்கிறது.

எந்தப் பட்டம் என்பதை முடிவு செய்யுமுன் மகளிடம் ஒன்றைக் கேளுங்கள்: அண்ணனிடம் அவள் கவனித்தவற்றில் எது அவளை அதிகம் உறுத்துகிறது? இதை நான் சும்மா கேட்கவில்லை. 'மருத்துவமனைச் சோதனையில் எல்லாம் சரியாகச் சொன்னான், கடைக்கு அனுப்பினால் பாதிச் சாமானோடு திரும்பி, ஏன் என்று கேட்டால் சண்டை போடுகிறான்' என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இதே புதிரைத்தான் டிம் ஷாலிஸ், பால் பர்ஜஸ் என்ற இரு பிரிட்டன் ஆய்வாளர்கள் 1991இல் கையிலெடுத்தார்கள். தலைக்காயத்தால் மூளையின் முன்மடல் பாதிக்கப்பட்ட மூவர் அறிவுத்திறன் சோதனைகளில் நன்றாகவே தேறினார்கள். ஆனால் கடைத்தெருவில் இறக்கிவிட்டு, சில பொருள்களை வாங்கி, சில தகவல்களைக் கேட்டறிந்து, சில விதிகளையும் மீறாமல் வரச் சொன்னபோது தடுமாறிப்போனார்கள். அறிவு குறையவில்லை, எதை முதலில் செய்வது, எதை நினைவில் வைத்திருப்பது, எங்கே நிறுத்துவது என்று திட்டமிடும் திறன்தான் குலைந்திருந்தது. மேசையில் வைக்கும் தேர்வு காட்டாததைக் கடைத்தெரு காட்டியது. உங்கள் மகளை உறுத்துவது இதுதான் என்றால், அவளுக்கு ஏற்றவை ஆக்குபேஷனல் தெரபியும், மூளைக் காயம் நினைவையும் நடத்தையையும் எப்படி மாற்றுகிறது என்று ஆராயும் நரம்பு உளவியலும்.

ஆக்குபேஷனல் தெரபியைப் பற்றி நம் பெற்றோர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவர்களும் அதைப் பிசியோதெரபியின் தம்பி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கையைத் தூக்க முடிகிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அந்தக் கையால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்குமுன் நினைவாக அணைக்க முடிகிறதா என்று கேட்கும் துறை அது. தமிழ்நாட்டில் இதைக் கற்பிக்கும் கல்லூரிகள் குறைவு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகமும் அவற்றில் அடங்கும்.

வேலூரைச் சொன்னதும் மேரி வர்கீஸைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அக்கல்லூரியில் படித்து மருத்துவரான அவர், 1954இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று, மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் எழுந்த மறுவாழ்வு நிலையம் இன்றும் இயங்குகிறது. அவருடையது தண்டுவடக் காயம், உங்கள் மகனுடையது மூளைக் காயம். இரண்டும் வேறு என்பதை அறிவேன். ஆனாலும் இந்தத் துறை நம் ஊரில் எப்படி வேர்விட்டது என்பது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் சொல் கிடைக்காமல் திணறுவதே அவளை வாட்டுகிறது என்றால், பேச்சு-கேட்பியல் படிப்பு. பயிற்சி ஓராண்டையும் சேர்த்து நான்காண்டுப் பட்டம் இது; மைசூருவில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு கேட்பியல் நிறுவனத்துக்கு இதில் தனிப் பெயர் உண்டு, சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனமும் கற்பிக்கிறது. தமிழ் நன்றாக அறிந்த பிள்ளைக்கு இங்கே ஆராய்ச்சி வாய்ப்பு கொட்டிக் கிடக்கிறது என்பது என் கருத்து. 'போனேன்' என்ற ஒரே சொல்லில் செயலும் காலமும் செய்தவர் யார் என்பதும் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இவை அப்படி ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஆகவே ஆங்கிலம் பேசுபவரின் சிதைந்த பேச்சை அளக்கச் செய்த கருவியைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துத் தமிழருக்கு வைத்தால், அது தவறான இடத்தில் குறை காணக்கூடும். அதோடு, வீட்டில் எவரும் பேசாத எழுத்துத் தமிழில் கேள்வி கேட்டுவிட்டு, நோயாளிக்குப் புரியவில்லை என்று குறித்துக்கொள்வது எவ்வளவு நியாயம்? இக்கேள்விகளுக்கான விடை வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களிலிருந்து வராது.

உளவியல் வழி சற்று நீண்டது. இளநிலை, முதுநிலைக்குப் பிறகு, இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த மருத்துவ உளவியல் பயிற்சியை முடித்தால்தான் மருத்துவ உளவியலாளராக நோயாளிகளோடு பணியாற்றலாம். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இதில் முதன்மையானது. நம் நாட்டவர்க்கான நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பொன்றை 2004இல் வெளியிட்ட நிறுவனமும் அதுவே. புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில் பட்டத்தைக் கைவிட்டதால் இப்பயிற்சியின் பெயரும் வடிவமும் மாறிக்கொண்டிருக்கின்றன. அவள் அந்தப் படிக்கு வரும் ஆண்டில் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வேறோர் ஆணையத்தின் கீழ் வருகின்றன. சேர்க்கை விதிகளை இவற்றுக்கும் அந்தந்த ஆண்டில் சரிபாருங்கள். கணக்கிலும் கருவிகளிலும் நாட்டம் உள்ளவளாக இருந்தால் பொறியியலும் திறந்த கதவுதான். கைப்பயிற்சிக்கான 'புளூட்டோ' என்ற ரோபோவைச் சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தே உருவாக்கின.

ஆராய்ச்சி என்றதும் அவள் மனத்தில் வரும் காட்சி, நீங்கள் குறிப்பிட்ட அந்தக் காணொளியாக இருக்கலாம். 2006இல் ஏட்ரியன் ஓவன் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர், விபத்துக்குப் பின் உணர்வற்றுக் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, அவர் மூளை ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே செயல்பட்டதை ஸ்கேனில் கண்டார்கள். அது உண்மை, வியப்பும்கூட. ஆனால் இத்துறையின் அன்றாடம் அப்படி இருப்பதில்லை. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு தந்தால் வீக்கம் குறைந்து உயிர் பிழைப்பார்கள் என்று மருத்துவர்கள் பல்லாண்டு நம்பிக் கொடுத்துவந்தார்கள். 10,008 நோயாளிகளிடம் நடந்த கிராஷ் ஆய்வு, மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடுதல் என்று 2004இல் காட்டியது. பெரிதும் நம்பப்பட்ட புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் 2014இல் இரண்டு பெரிய ஆய்வுகளில் பலனின்றிப் போனது. மறுபக்கம், முதலில் ஃப்ளூ காய்ச்சலுக்கு வந்த அமான்டடின் என்ற பழைய மருந்து, நினைவு முழுதாகத் திரும்பாதிருந்த 184 பேரிடம் மீட்சியைச் சற்று விரைவுபடுத்தியதாக 2012இல் தெரியவந்தது. அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய ஒரு திட்டம் தலைக்காயம் பட்டவர்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இன்றும் தொடர்ந்து விசாரித்துக்கொண்டிருக்கிறது. பத்தாண்டு உழைத்து 'பலனில்லை' என்று எழுதிவைப்பதையும் வேலையாக ஏற்கும் பொறுமை அவளுக்கு உண்டா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

வருமானத்தை மறைத்துப் பேசுவது முறையாகாது. தனியார் மருத்துவமனைகளில் தெரபிஸ்டுகளின் தொடக்கச் சம்பளம் குறைவு. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு (ஜே.ஆர்.எஃப்.) தேர்வாகி முனைவர் பட்டத்துக்குச் சேர்பவர்களுக்கு 2023 முதல் முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. அந்த இடத்தை அடைய இன்றிலிருந்து ஆறேழு ஆண்டுகளாவது ஆகும்.

ஆகையால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: அவள் படிப்பு அண்ணனுக்கான சிகிச்சையல்ல. அவள் ஆராய்ச்சியாளராகும்போது அவன் முப்பதை நெருங்கியிருப்பான். அவனுக்குத் தேவையான பயிற்சி இப்போதே, இந்த மாதமே தொடங்க வேண்டும். இந்தச் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், அண்ணன் தேறாத ஒவ்வொரு மாதத்தையும் தம் தோல்வியாக எண்ணத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை: ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளை சரியாகிவிடும் என்று யாரேனும் லட்சக்கணக்கில் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். தலைக்காயத்துக்கு அது நம் நாட்டில் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. முறையான ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும், அதில் சேர்பவரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது நெறிமுறை.

தேர்வுகள் முடிந்ததும் மகளை ஒரு மாதம் குறிப்பேடு எழுதச் சொல்லுங்கள். அண்ணன் காலையில் எழுந்தது முதல் எந்த வேலையைத் தொடங்கினான், எந்த இடத்தில் விட்டான், எத்தனை மணிக்குக் களைத்தான், எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல்லைச் சொன்னான் என்று மட்டும் இருக்கட்டும். ஏன் என்ற ஊகம் வேண்டாம். பக்கங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதைப் பார்த்துவிட்டுப் படிப்பைப் பேசுவோம். எழுதத் தொடங்குமுன் அவள் அண்ணனிடம் அனுமதி கேட்க வேண்டும். அவன் வேண்டாம் என்றால் குறிப்பேட்டை மூடிவிட்டு, வெறுங்கையோடு என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.